பெரிய டிராவல் ட்ரெய்லருக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேணுமா? நீங்களே கணக்கு போட்டு பாருங்க

இங்க டல்லாஸ் பக்கம் எங்க வட்டத்துல முதல்ல ஒருத்தர் டிராவல் ட்ரெய்லர், அதாவது ட்ரக் பின்னால இழுத்துட்டு போற சக்கர வீடு, வாங்கினாரு, அவரை பாத்து இன்னொருத்தர், அப்படியே நாலு குடும்பம் ஆயிடுச்சு. எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான். "அண்ணா, கடைக்காரன் எண்ணூறு டாலருக்கு ரெண்டு கம்பி வெச்ச ஒரு ஹிட்ச்சை தலையில கட்ட பாக்குறான், அது நெஜமாவே வேணுமா, இல்ல சும்மா பில்லை ஏத்துறானா?"

ஹிட்ச்ங்கறது ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கிற கொக்கி, அவங்க கேக்குறது அதுல வெயிட் டிஸ்ட்ரிபியூஷன்ங்கற வகை. அது சில பேருக்கு வேணும், சில பேருக்கு வேண்டாம், சில வண்டில மாட்டவே கூடாது. ட்ரெய்லர் 25 அடியா 32 அடியாங்கறதை மட்டும் வெச்சு இதை முடிவு பண்ண முடியாது. பாக்க வேண்டியது மூணு: ட்ரெய்லரோட மூக்கு உங்க ட்ரக் மேல எவ்ளோ பாரத்தை இறக்குது, உங்க ட்ரக் கம்பெனி அதுக்கு என்ன சொல்லுது, மாட்டினதுக்கு அப்புறம் முன் சக்கரம் எவ்ளோ பாரத்தை இழக்குது. இந்த மூணையும் ஒரு நாள்ல, இருபது முப்பது டாலர் செலவுல கண்டுபிடிச்சிடலாம்.

நான் அப்படி கண்டுபிடிக்கல, பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன். பழைய 29 அடி ட்ரெய்லர் ஒண்ணு வாங்கினேன், வித்தவரு "உங்க ட்ரக் தாராளமா இழுக்கும் சார்"னு சொன்னாரு, இழுக்கத்தான் செஞ்சுது. சாதாரண பால் மவுண்ட்ல, அதாவது வெறும் இரும்பு உருண்டை (பால்) மட்டும் வெச்ச ஹிட்ச்ல, மாட்டிக்கிட்டு குடும்பத்தோட 287 ஹைவேல அமரில்லோ பக்கம் கிளம்பிட்டோம், பாலோ டூரோ கேன்யான் போற பிளான். இருட்ட ஆரம்பிச்சதும் எதிர்ல வர்ற ஒவ்வொரு கார்க்காரனும் லைட்டை அடிச்சு அடிச்சு காட்டுறான், நான் ஹை பீம்ல போகவே இல்ல, ஆனா ட்ரக் பின்னால குந்தி மூக்கு மேல தூக்கி இருந்ததால லோ பீமே அவங்க கண்ணுல அடிச்சிருக்கு. ஸ்டியரிங் வேற காகிதம் மாதிரி லேசா இருக்கு, ஒவ்வொரு பெரிய லாரி தாண்டும்போதும் வண்டி ஒரு சைடா இழுத்து விடுது. விச்சிட்டா ஃபால்ஸ்ல பெட்ரோல் போட நிறுத்தினப்போ என் மனைவி இறங்கி பாத்துட்டு "என்னங்க இது, நாய் உக்காந்த மாதிரி இருக்கு வண்டி"ன்னா. அதுதான் டயக்னோசிஸ், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஏன் அப்படி ஆகுதுன்னு ஊர்ல மாட்டு வண்டி பாத்தவங்களுக்கு சுலபமா புரியும். வைக்கோல் ஏத்தும்போது முன்பாரம் பின்பாரம்னு பாத்து பாத்து ஏத்துவாங்க இல்லையா. முன்பாரம் அதிகமானா மாட்டு கழுத்து அமுங்கும், பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல தூக்கி மாட்டு கழுத்தை இறுக்கும். ட்ரெய்லரும் அதே கதைதான், ட்ரக்தான் மாடு. அந்த முன்பாரத்துக்கு இங்க பேரு டங் வெயிட். டிராவல் ட்ரெய்லருக்கு இது லோடு பண்ணின மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும், 12, 13 பக்கம் இருந்தா நிம்மதி. 10க்கு கீழ போனா ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்து. அதனால டங் வெயிட்டை குறைச்சுட்டா பிரச்சனை தீந்துடும்னு நினைச்சு பொருளையெல்லாம் பின்னாடி தள்ளி வெக்காதீங்க, தயவு செஞ்சு.

மாட்டு வண்டிக்கும் ட்ரக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாரம் ட்ரக்கோட பின் ஆக்சில் மேல நேரா விழுறதில்ல, அதுக்கும் பின்னால அஞ்சு அடி தள்ளி இருக்குற பால் மேல விழுது. சீசா பலகை மாதிரி, பின் ஆக்சில்தான் நடுக்கட்டை. பால் கீழ போனா முன்பக்கம் மேல எழும்பும். கணக்கு சின்னதுதான்: பின் ஆக்சில்ல இருந்து பால் வரைக்கும் உள்ள தூரத்தை வீல்பேஸால (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல உள்ள தூரம்) வகுத்து டங் வெயிட்டால பெருக்குங்க. நாலு கதவு வெச்ச ஃபோர்டு எஃப்-150 ட்ரக்குக்கு வீல்பேஸ் 145 இஞ்ச் சுமாருக்கு இருக்கும், பால் 65 இஞ்ச் பின்னால இருக்குன்னு வெச்சுக்கங்க, டங் வெயிட் 800 பவுண்டு. 800 பெருக்கல் 65 வகுத்தல் 145, கிட்டத்தட்ட 360 பவுண்டு. அதாவது முன் சக்கரத்துல இருந்து 360 பவுண்டு காணாம போகுது, அது எங்க போகுதுன்னா பின் ஆக்சில்தான் அதையும் சேத்து தாங்குது, 800 இல்ல 1,160. ஸ்டியரிங் பிடிக்கிறதும் பிரேக்ல பெரும்பங்கு வேலை செய்யறதும் முன் சக்கரம்தான், அதுல போய் 360 பவுண்டை உருவிட்டா வண்டி எப்படி சொன்ன பேச்சு கேக்கும்?

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் செய்யற வேலை இதை திருப்பி விடறதுதான். ரெண்டு ஸ்பிரிங் கம்பி ஹிட்ச் தலையில இருந்து ட்ரெய்லர் ஃப்ரேமுக்கு போகும், அதை செயின்லயோ பிராக்கெட்லயோ இழுத்து மாட்டும்போது கம்பி வளையும். அந்த வளைஞ்ச கம்பி நிமிர பாக்குற விசைதான் ட்ரக்கோட பின்பக்கத்தை தூக்கி விடுது. ரெண்டு பேர் தள்ளுவண்டியோட கைப்பிடியை பிடிச்சு மேல தூக்குற மாதிரி நினைச்சுக்கங்க, முன் சக்கரம் தரையில நல்லா அமுங்கும். பின் ஆக்சில் மேல இருந்த பாரத்துல கொஞ்சம் முன் ஆக்சிலுக்கு போகும், கொஞ்சம் ட்ரெய்லரோட சக்கரத்துக்கே திரும்பி போகும்.

சரி இப்போ வேலைக்கு வருவோம். முதல் வேலை டங் வெயிட்டை கண்டுபிடிக்கிறது, இதுலதான் முக்கால்வாசி பேர் ஏமாறுறாங்க. புரோஷர்ல (விளம்பரப் புத்தகத்துல) போட்டிருக்குற ஹிட்ச் வெயிட் காலி ட்ரெய்லரோடது. என்னோடதுல டிரை வெயிட் 5,700, ஹிட்ச் வெயிட் 600 பவுண்டுன்னு போட்டிருந்தான். அதுல பேட்டரி இல்ல, கேஸ் இல்ல, தண்ணி இல்ல, நம்ம அரிசி மூட்டை, குக்கர், இட்லி பாத்திரம், மடக்கு சேர், ஒண்ணும் இல்ல. ரெண்டு 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் ஃபுல்லா இருந்தா சிலிண்டர் எடையோட சேத்து 70 பவுண்டை தாண்டும், அது உக்காந்திருக்குறது சரியா மூக்கு மேலதான். பேட்டரியும் அங்கதான். முன்பக்க ஸ்டோரேஜ்ல போடுற பொருள்ல பெரும்பகுதி டங் மேலதான் இறங்கும். தண்ணி ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் டேங்க் ஃபுல்னா 330 பவுண்டு, டேங்க் ஆக்சிலுக்கு முன்னால இருந்தா டங் ஏறும், பின்னால இருந்தா டங் குறையும், அதனால உங்க ட்ரெய்லர்ல டேங்க் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துக்கங்க. இதெல்லாம் சேந்து என்னோடது 7,000 பவுண்டு ட்ரெய்லர், 840 பவுண்டு டங். புரோஷருக்கும் நெஜத்துக்கும் 240 பவுண்டு வித்தியாசம்.

இன்னும் ட்ரெய்லரே வாங்கலையா? அப்போ டிரை வெயிட்டை மறந்துடுங்க, ட்ரெய்லர் ஸ்டிக்கர்ல இருக்குற ஜிவிடபிள்யூஆர், அதாவது அதிகபட்ச எடை, அதை எடுத்து 13 சதவீதம் போடுங்க. 7,600னா 990 வரும். அந்த நம்பரோடதான் ட்ரக்கை பாக்கணும்.

வீட்லயே எடை பாக்கணும்னா பாத்ரூம் ஸ்கேல் போதும், ஆனா நேரா மேல வெச்சா ஸ்கேல் உடைஞ்சிடும். ஒரு தடி மரக்கட்டை எடுத்து ஒரு முனையை செங்கல் மேலயும் இன்னொரு முனையை ஸ்கேல் மேலயும் வைங்க, செங்கல்ல இருந்து 1 அடி, ஸ்கேல்ல இருந்து 2 அடி வர்ற இடத்துல ட்ரெய்லர் ஜாக்கை இறக்குங்க, ஸ்கேல் காட்டுறதை 3ஆல பெருக்கினா டங் வெயிட். ரெண்டு முனையிலயும் ஒரு சின்ன பைப் துண்டு வெச்சா புள்ளி சரியா இருக்கும். ட்ரெய்லர் லெவலா நிக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டு கட்டாயம் வைங்க, யாரும் கீழ போகாதீங்க.

ரெண்டாவது வேலை ஸ்டிக்கர் படிக்கிறது. ட்ரக் பின்னால ஹிட்ச்சை சொருகுற குழாய், அதாவது ரிசீவர், அது மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அழுக்குல மறைஞ்சிருந்தா துடைச்சு பாருங்க. அதுல ரெண்டு வரி இருக்கும், ஒண்ணு வெயிட் கேரியிங் (கம்பி இல்லாம தாங்குறது), இன்னொண்ணு வெயிட் டிஸ்ட்ரிபியூட்டிங் (கம்பி போட்டு தாங்குறது). நிறைய எஃப்-150 மாடல்கள்ல வெயிட் கேரியிங் லிமிட் 5,000 பவுண்டு ட்ரெய்லர், 500 பவுண்டு டங், அவ்ளோதான். அதுக்கு மேல போனா வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் இருந்தாதான் ரிசீவரோட பெரிய ரேட்டிங் செல்லும். இது கடைக்காரன் சொல்ற பேச்சு இல்ல, ட்ரக் கம்பெனியே சொல்றது. என் 840 பவுண்டை 500 பக்கத்துல வெச்சு பாத்தப்பவே கேள்வி முடிஞ்சு போச்சு, மீதியெல்லாம் எப்படி செட் பண்றதுங்கறதுதான்.

கூடவே மேனுவலையும் புரட்டுங்க, ஏன்னா சில எஸ்யூவி கம்பெனிங்க வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பயன்படுத்தாதீங்கன்னு எழுதியிருப்பாங்க. யூனிபாடி வண்டியில, அதாவது தனியா ஃப்ரேம் இல்லாத வண்டியில, ரிசீவர் பிடிச்சிருக்குற இடம் அந்த மேல் நோக்கின முறுக்கை தாங்குற மாதிரி டிசைன் பண்ணியிருக்க மாட்டாங்க. அப்படி எழுதியிருந்தா, ஹிட்ச் இல்லாம அந்த டங் வெயிட்டை தாங்கவும் முடியலன்னா, அந்த ட்ரெய்லருக்கு அந்த வண்டி இல்லன்னு அர்த்தம். கம்பி போட்டு சமாளிக்கலாம்னு பாக்காதீங்க. இன்னொரு பக்கம் முக்கால் டன், ஒரு டன் ட்ரக்குங்க, எஃப்-250, 2500 வகையறா, இதுல ரிசீவர் வெறுமனவே நிறைய தாங்கும், ஸ்பிரிங்கும் கடினம். 7,000 பவுண்டு ட்ரெய்லர் மாட்டினா அது திரும்பி கூட பாக்காது. அங்க இந்த ஹிட்ச் கட்டாயம் இல்லாம போகலாம், ஆனா காத்துல ஆட்டம் வேண்டாம்னு ஸ்வே கண்ட்ரோலுக்காகவே மாட்டுறவங்க உண்டு, அதுவும் நியாயம்தான். ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரக்கோட தொட்டிக்குள்ளயே மாட்டுற ட்ரெய்லர், வெச்சிருக்குறவங்களுக்கு இந்த கட்டுரையே வேண்டாம், அதுல பாரம் பின் ஆக்சில் மேலயே விழுது.

டிரைவர் கதவை திறந்தா அங்க மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர், ஆளும் பொருளும் சேத்து இவ்ளோ பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு. இதுதான் பேலோட். விளம்பரத்துல 11,000 இழுக்கும் 12,000 இழுக்கும்னு போடுறது வேற கதை, அந்த டோ ரேட்டிங் எடுக்குற ஜே2807ங்கற விதிமுறையில ஆளுக்கு 150 பவுண்டு வெச்சு ரெண்டே பேரைத்தான் உக்கார வெக்குறாங்க, டங் வெயிட்டும் 10 சதவீதம்தான். நம்ம குடும்பமா போறோம், பின்னால சைக்கிள், கூலர், கரி மூட்டை. என் ஸ்டிக்கர்ல 1,600. ஆளுங்க 400, பொருள் 120, டங் 840, ஹிட்ச் தலை மட்டுமே ஒரு 80, மொத்தம் 1,440. பாத்தீங்களா, டோ ரேட்டிங்கை தொடவே இல்ல, பேலோட் கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. டங் வெயிட் பேலோடுலதான் வரும், அதை மறந்துட்டுத்தான் பாதி பேர் பெரிய ட்ரெய்லரை புக் பண்றாங்க.

மூணாவது வேலை எனக்கு ரொம்ப பிடிச்சது, கேட் ஸ்கேல். பைலட், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் மாதிரி ட்ரக் ஸ்டாப்ல பெரிய லாரிக்காரங்க எடை போடற மேடை, நம்மளும் ஏத்தலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆப்லயே காசு கட்டிடலாம். முதல் தடவை பதினஞ்சு டாலர் சுமாருக்கு ஆகும், திரும்ப எடை போட சில டாலர்தான். மேடை மூணு தட்டா இருக்கும், முன் சக்கரம் ஒண்ணுல, பின் சக்கரம் ஒண்ணுல, ட்ரெய்லர் சக்கரம் ஒண்ணுல நிக்கிற மாதிரி ஏத்துங்க. மூணு தடவை போடணும்: ட்ரெய்லரை மாட்டாம ட்ரக் மட்டும், மாட்டி ஆனா கம்பி போடாம, அப்புறம் கம்பி போட்டு. ஆளுங்க எல்லாரும் உள்ள உக்காந்திருக்கணும், பெட்ரோல் டேங்க் ஃபுல்லா இருக்கணும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒத்து வராது. கூட்ட நேரத்துல லாரிக்காரங்களை காக்க வெக்காதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல போங்க.

என் சீட்டுல வந்தது இது. ட்ரக் மட்டும்: முன்னால 3,160, பின்னால 2,680. ட்ரெய்லர் மாட்டி கம்பி இல்லாம: முன்னால 2,780, பின்னால 3,900, ட்ரெய்லர் சக்கரம் 6,160. ட்ரக்கோட ரெண்டு ஆக்சிலையும் கூட்டி பாத்தா முதல்ல 5,840, இப்போ 6,680, வித்தியாசம் 840, அதுதான் டங் வெயிட். முன்னால 380 காணோம். பின் ஆக்சில் லிமிட் கதவு ஸ்டிக்கர்ல 3,800, நான் அதை 100 தாண்டிட்டேன், அப்படியேதான் அமரில்லோ வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன். கம்பி போட்டப்புறம்: முன்னால 2,980, பின்னால 3,560, ட்ரெய்லர் 6,300. மொத்தம் ரெண்டு தடவையும் அதே 12,840தான், எடை எங்கயும் மாயமா போகல, இடம்தான் மாறியிருக்கு. முன்னால போன 380ல 200 திரும்பி வந்துடுச்சு.

முழுசா 380ம் வரணுமான்னு கேப்பீங்க. முந்தி அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க, இப்போ பல ட்ரக் மேனுவல் பாதி வந்தா போதும்னு சொல்லுது, சிலது முழுசா கேக்கும், உங்க மேனுவல் எது சொல்லுதோ அதுதான். அளவுக்கு மீறி கம்பியை இறுக்கி முன் சக்கரத்துல எடையை ஏத்தினா பின் சக்கரத்துக்கு பிடி குறையும், வளைவுல பின்பக்கம் வெளிய வழுக்கப் பாக்கும், ஈர ரோட்ல அது இன்னும் மோசம். நிறைய போட்டா நல்லதுன்னு நினைக்கிறது சாம்பாருக்கு உப்பு போடற விஷயத்துலயே சரி வராது, இதுல எங்க வரும்.

ஸ்கேல் போக நேரம் இல்லன்னா டேப் எடுங்க. சமதரையில, முன் சக்கரத்துக்கு நேர் மேல ஃபெண்டர் விளிம்பு தரையில இருந்து எவ்ளோ உயரம்னு ட்ரெய்லர் மாட்டாம ஒரு தடவை, மாட்டி கம்பி இல்லாம ஒரு தடவை அளந்து எழுதுங்க. 38 இஞ்ச் இருந்தது 39 ஆச்சுன்னா ஒரு இஞ்ச் எழும்பியிருக்கு, பாதி திருப்பணும்னா கம்பி போட்டப்புறம் 38 அரைக்கு வரணும். முன்பக்கம் கால் இஞ்ச் கூட எழும்பல, ரிசீவர் லிமிட்டுக்குள்ள டங் இருக்கு, மேனுவலும் கேக்கல, அப்படின்னா உங்களுக்கு இந்த ஹிட்ச் வேண்டாம், அந்த காசுல நல்ல பிரேக் கண்ட்ரோலர் (ட்ரெய்லர் பிரேக்கை ட்ரக்ல இருந்தே இயக்குற கருவி) வாங்குங்க.

இந்த இடத்துல யாராவது வந்து "ஏர்பேக் போட்டுக்கோ, பின்னால தூக்கிடும், விலையும் கம்மி"ன்னு சொல்லுவாங்க, பின் ஸ்பிரிங்குக்கு துணையா வெக்கிற காத்து பையை சொல்றாங்க. பின்னால தூக்கும், உண்மைதான், பாக்க வண்டி நேரா நிக்கும். ஆனா முன் சக்கரத்துக்கு எடை திரும்பி வரவே வராது, ஸ்பிரிங்கை கடினமாக்கினா சீசாவோட கணக்கு மாறாது இல்லையா. ஹெட்லைட் சரியாகும், ஸ்டியரிங் அதே காகிதம்தான். அதைவிட மோசம், கண்ணுக்கு சரியா தெரியறதால நம்பி ஓட்டுவீங்க.

அதே மாதிரி இந்த ஹிட்ச்சும் எல்லாத்துக்கும் மருந்து இல்ல. பேலோட் 1,600னா ஹிட்ச் போட்டாலும் 1,600தான், ஸ்டிக்கர் மாறாது. டங் 8 சதவீதம் இருந்து வால் ஆடற ட்ரெய்லரை கம்பி போட்டு அடக்க நினைக்காதீங்க, பொருளை முன்னால நகர்த்துங்க. எடையை பகிர்றது வேற, ஸ்வேயை அடக்குறது வேற. ஈக்வலைசர், ப்ளூ ஆக்ஸ் மாதிரி சில ஹிட்ச்ல ரெண்டும் சேந்தே வரும், சில மலிவு செட்ல ஸ்வேக்கு தனியா ஒரு உராய்வு கம்பி மாட்டணும், அதை ரிவர்ஸ் எடுக்கும்போது கழட்டலன்னா வளைஞ்சு போகும். ஓடும்போது ஆட ஆரம்பிச்சா ட்ரக் பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்துட்டு கண்ட்ரோலர்ல ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அழுத்துங்க. இதை காலி பார்க்கிங் லாட்ல, கை அந்த பட்டனை தானா தேடி போற வரைக்கும் பழகுங்க.

இங்கிலாந்துல இருக்குற என் மச்சான் இதையெல்லாம் கேட்டு சிரிப்பான், அவன் சாதாரண கார்லயே கேரவன் இழுக்கறான், கம்பியும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்க கேரவன் லேசு, மூக்கு பாரம் 5ல இருந்து 7 சதவீதம்தான் வெப்பாங்க, மோட்டார்வேலயே 60 மைலுக்கு மேல போகக்கூடாது. இங்க 75ல போற ரோட்ல 7,000 பவுண்டை இழுத்துட்டு அவன் கணக்கை எடுத்து போடக்கூடாது.

வேணும்னு முடிவு ஆச்சுன்னா கம்பியோட ரேட்டிங் பாத்து வாங்கணும். 600, 800, 1,000, 1,200னு டங் வெயிட் அளவுல வரும். உங்க டங் வெயிட்டோட, ட்ரக்ல பின் ஆக்சிலுக்கு பின்னால வெக்கிற பொருளையும் சேத்துக்கங்க. எனக்கு 840, கூட ஒரு 60, அதனால 1,000 எடுத்தேன். 1,400 எடுத்தா இன்னும் பலமா இருக்கும்னு நினைக்காதீங்க, தேவைக்கு மேல கடினமான கம்பி வளையாது, ஒவ்வொரு பள்ளத்துலயும் ட்ரெய்லர் ஃப்ரேமை அடிக்கும். விலை சாதாரண செட் 400ல இருந்து 1,000 டாலர் வரைக்கும், ஹென்ஸ்லி, புரோபிரைட் மாதிரி சமாச்சாரம் 3,000 பக்கம் போகும், முதல் ட்ரெய்லருக்கு அது தேவையில்ல. பால் சைஸ் 2 5/16 இஞ்ச்சா 2 இஞ்ச்சான்னு கப்ளர்லயே, அதாவது ட்ரெய்லர் மூக்குல பால் மேல உக்காருற பூட்டுலயே, அச்சடிச்சிருக்கும், பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

கடையில மாட்டி கொடுத்தாலும் உங்க லோடோட மறுபடி அளங்க, அவங்க காலி ட்ரெய்லரை வெச்சு செட் பண்ணி அனுப்பியிருப்பாங்க. முன்பக்கம் போதுமான அளவு இறங்கலன்னா ஹிட்ச் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால சாய்க்கணும், அதுக்கு வாஷர் சேக்கிற ஏற்பாடு இருக்கும், இல்லன்னா செயின்ல ஒரு கண்ணி கூட இழுக்கணும். ட்ரெய்லர் லெவலா, இல்ல மூக்கு ஒரு பொடி கீழ இருக்கலாம், மேல தூக்கி நிக்கவே கூடாது. முதல் 50 மைல்ல நிறுத்தி போல்ட்டெல்லாம் மறுபடி டார்க் ரெஞ்ச்ல பாருங்க.

கம்பி மாட்டும்போது கையாலயே மல்லுக்கட்டாதீங்க. கப்ளரை பால்ல பூட்டினதும் ஜாக்கை வெச்சு ட்ரெய்லர் மூக்கையும் ட்ரக்கோட பின்பக்கத்தையும் சேத்தே நல்லா மேல தூக்குங்க, கம்பி தளர்ந்து செயின் விளையாட்டா மாட்டிக்கும், அப்புறம் ஜாக்கை இறக்குங்க. கழட்டும்போதும் அதே மாதிரி தூக்கிட்டுதான் கழட்டணும். எங்க ஃப்ரெண்டு ஒருத்தர் தூக்காம லீவரை எடுத்தாரு, அது திருப்பி அடிச்சதுல மணிக்கட்டு ரெண்டு வாரம் வீங்கியே இருந்துச்சு. கேம்ப் கிரவுண்டுக்குள்ள போற வழி திடீர்னு பள்ளம் மேடா இருந்தா மட்டும், உள்ள நுழையறதுக்கு முன்னால ஓரமா நிறுத்தி கம்பியை கழட்டிட்டு ஊர்ந்து போங்க, இல்லன்னா ட்ரக் பின் சக்கரம் அந்தரத்துல தொங்குற அளவுக்கு கம்பி தூக்கிடும்.